ஈஸ்னோபீலியா என்பது நோயின் பெயரல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் இளைப்பென்று மருத்துவமனைக்கு வருகிறவர்களிடம் என்ன செய்கிறது என்று கேட்டால், "பத்து வருஷமா ஈஸ்னோபீலியா" என்றுதான் பலர் சொல்கிறார்கள். கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கும். அதில் ஈஸ்னோபில் 8 சதவீதம் என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். அதைக் குறைக்க மூன்று வாரம் ஒரு மாத்திரை, தும்மலுக்கு ஒரு மாத்திரை, மூச்சு முட்டுகிற அன்று ஊசி. சீட்டில் எண் இறங்கியதும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். அடுத்த மழைக்கு மறுபடி அதே சீட்டு. ஆஸ்துமா என்ற சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வரன் பார்க்கும் வயதில் பிள்ளை இருந்தால் கேட்கவே வேண்டாம். சுவாச நோய்ப் பிரிவிலும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் வேலை பார்க்கிற நாங்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஈஸ்னோபீலியா என்ற இந்த ஒரு சொல்லால் எத்தனையோ பேருக்குச் சரியான மருந்து வருடக்கணக்கில் தள்ளிப்போகிறது.

ஈஸ்னோபில் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. 1879-ல் ஜெர்மனியின் பால் எர்லிக் ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தைக் கொண்டு ரத்த அணுக்களைப் பார்த்தபோது, சில அணுக்களுக்குள் இருந்த மணிகள் மட்டும் சாயத்தை ஏற்றுச் செக்கச்செவேலென்று நின்றன. பெயர் அப்படி வந்தது. இந்த அணு எல்லோர் ரத்தத்திலும் உண்டு. சீட்டில் சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். மொத்த வெள்ளையணு எண்ணிக்கையைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுங்கள். மொத்தம் 5,500, ஈஸ்னோபில் 8 சதவீதம் என்றால் 440. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 500 வரை இயல்பென்று கொள்வது வழக்கம். அப்படியானால் தடித்த எழுத்தில் பயமுறுத்திய அந்த 8 இயல்புக்குள்தான் இருக்கிறது. மொத்தம் 12,000 இருக்கும் ஒருவருக்கு வெறும் 5 சதவீதமே 600 ஆகிவிடும். அவர் சீட்டில் தடித்த எழுத்து இருக்காது.

ரத்தம் எடுத்த நேரமும் கணக்கை மாற்றும். உடம்பு தானே சுரக்கும் கார்ட்டிசால் காலையில் உச்சத்தில் இருப்பதால் முற்பகலில் ஈஸ்னோபில் குறைந்தும் இரவில் கூடியும் இருக்கும். முதல் நாள் மாலை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் காலை ரத்தம் கொடுத்தால் பூஜ்யமோ ஒன்றோதான் வரும். நெஞ்சில் விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான் வரும். இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. ரத்தம் இந்த அணு நடந்துபோகும் தெரு மட்டுமே. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ஒரு நாள் அளவில் ரத்தத்தைக் கடந்து, திசுவுக்குள் போய்விடுகிறது. அங்கே குடியிருப்பவை ரத்தத்தில் உள்ளவற்றைப்போல் நூறு மடங்குக்கு மேல். தெருவில் போகிறவர்களை எண்ணி வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்று சொல்லிவிட முடியாது.

இந்தச் சொல் நம் பக்கம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு நியாயமான காரணமும் உண்டு. 1940-ல், அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையிலிருந்து பிரிமோட்-மோலரும் பார்ட்டனும் ஒரு நோயை விவரித்தார்கள். பார்வைக்குக் காசநோய் போலவே இருக்கும், காசநோய் அல்ல, ரத்தத்தில் ஈஸ்னோபில் ஏராளம். 1943-ல் வெயின்கார்டன் அதற்கு வெப்பமண்டல ஈஸ்னோபீலியா என்று பெயர் வைத்தார். யானைக்கால் புழுவின் குஞ்சுகளை நுரையீரல் மிகையாக எதிர்ப்பதால் வருவது அது என்று பிறகு தெரிந்தது. இரவில் வரும் வறட்டு இருமல், லேசான காய்ச்சல், எடை குறைவு, ஈஸ்னோபில் 3,000-க்கு மேல். மருந்து டைஎதில்கார்பமசின், உடல் எடை கிலோவுக்கு 6 மில்லிகிராம் வீதம் 21 நாள். 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 360 மில்லிகிராம். அந்த மூன்று வார மாத்திரை இங்கிருந்து வந்ததுதான். 3,500 எண்ணிக்கை உள்ளவருக்கு அது அருமையான மருந்து. 600 உள்ள ஆஸ்துமாக்காரருக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. யானைக்கால் நோய் தமிழகத்தில் பெருமளவு ஒடுங்கிவிட்ட பிறகும் மாத்திரை மட்டும் பழைய பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்க்குள் நடப்பது என்ன? நம் ஊர்க் காட்சியிலேயே சொல்கிறோம். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் குடும்பம் செவ்வாய்ப் பொங்கலுக்கோ படைப்புக்கோ ஊர் திரும்பி, எட்டு மாதம் பூட்டிக்கிடந்த வீட்டைக் காலை பத்து மணிக்குத் திறக்கிறது. பெட்டகத்தைத் திறந்து இலவம்பஞ்சு மெத்தைகளை வெளியே எடுத்து வளவில் தட்டுகிறார்கள். அந்த மெத்தைக்குள் 0.3 மில்லிமீட்டர் நீளத்தில், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் லட்சக்கணக்கில் வாழ்ந்திருக்கும். நம் தோலில் இருந்து உதிரும் செதில்தான் அவற்றுக்குச் சாப்பாடு. தொந்தரவு முக்கியமாக அவற்றின் எச்சத்தில் இருக்கிறது. அதில் உள்ள செரிமான நொதி மூச்சுக்குழாயின் உள்தோல் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் தையலை அறுக்கிறது.

அறுபட்ட உள்தோல் சும்மா இருப்பதில்லை. டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின்-33, இன்டர்லூக்கின்-25 என்ற மூன்று அபாயச் செய்திகளை விடுகிறது. உள்தோலுக்கடியில் கை நீட்டிக் காத்திருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் என்ற காவல் அணுக்கள் அந்தத் துகளை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய், டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களிடம் காட்டுகின்றன. ஒவ்வாமைக்கு உரிய டி செல்கள் உருவானதும் அவற்றின் ஏவலில் பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்கின்றன. 1966-ல் இஷிசாக்கா தம்பதியர் கண்டறிந்த புரதம் இது. ரத்தத்தில் இதன் அரை ஆயுள் இரண்டு நாள்தான். மூச்சுக்குழாய்ச் சுவரில் குடியிருக்கும் மாஸ்ட் செல் என்ற அணுவின் மேல் ஒட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். இவ்வளவும் பல மாதங்களுக்கோ பல வருடங்களுக்கோ முன்பே நடந்து முடிந்த முன்னேற்பாடு. மெத்தையைத் தட்டுகிற அன்று நடப்பது வேறு.

அன்று துகள் உள்ளே போனதும் மாஸ்ட் செல்லின் மேல் ஒட்டியிருக்கும் ஐஜிஇ-களை அது பாலம்போல் இணைக்கிறது. சில நிமிடத்தில் மாஸ்ட் செல் ஹிஸ்டமினையும் லூக்கோட்ரையீனையும் புரோஸ்டாகிளான்டினையும் கொட்டுகிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. பத்தேகாலுக்கு இழுப்பு. நீல இன்ஹேலரை எடுத்து இரண்டு பஃப் அடித்ததும் அடங்கிவிடுகிறது. வேலையைத் தொடர்கிறார்கள். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு மறுபடி நெஞ்சு இறுகுகிறது, இந்தத் தடவை பஃபுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. மதியம் சாப்பிட்ட கத்தரிக்காய்மேலும் தயிர்மேலும் பழி விழுகிறது. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காலையில் மாஸ்ட் செல் கொட்டிய பொருள்களும் டி செல்கள் விட்ட இன்டர்லூக்கின்-5 என்ற செய்தியும் ரத்தத்தில் இருந்து ஈஸ்னோபில்களை வரவழைத்திருக்கின்றன. அவை வந்து சேர நான்கிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். வந்ததும் தம் மணிகளில் உள்ள புரதங்களைக் கொட்டி உள்தோலை இன்னும் அரிக்கின்றன. இன்டர்லூக்கின்-13 சளி சுரக்கும் செல்களைப் பெருக்குகிறது. ஈஸ்னோபில் நிறைந்த சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வருவதுண்டு. காய்ச்சல் இல்லாமல் நிறம் மட்டும் மாறியதைப் பார்த்து ஆன்டிபயாடிக் வாங்குவது வீண் செலவு.

இந்த அரிப்பு ஆற நாள்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும். அதுவரை உள்தோலுக்கடியில் உள்ள நரம்புகள் வெளியே தெரிந்து கிடப்பதால் மிளகாய் வறுக்கும் நெடி, சாம்பிராணிப் புகை, குளிர்ந்த காற்று எல்லாமே இழுப்பைக் கிளப்பும். மிளகாய் நெடி ஒவ்வாமை அல்ல. புண்ணில் பட்ட காரம் அது. புண்ணை ஆற்றினால் அடுப்படியில் மறுபடி நிற்கலாம்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. 2000-ல் இன்டர்லூக்கின்-5-ஐத் தடுக்கும் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்திலும் சளியிலும் ஈஸ்னோபில் சரிந்தது. மூச்சுக்குழாயின் கூச்சம் குறையவே இல்லை. 2002-ல் இங்கிலாந்தில் இன்னொன்று கண்டார்கள். ஈஸ்னோபில் நிறைந்து வெறும் இருமல் மட்டும் உள்ளவர்களையும் ஆஸ்துமாக்காரர்களையும் ஒப்பிட்டபோது உள்தோலடியில் ஈஸ்னோபில் இரு தரப்பிலும் ஒரே அளவு. வித்தியாசம் மாஸ்ட் செல்லில். ஆஸ்துமாவில் அது தசைக் கட்டுகளுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருந்தது. வளர்ந்த மாஸ்ட் செல் ரத்தத்தில் சுற்றுவதே இல்லை, எனவே நெஞ்சை இறுக்கும் முக்கியக் கை எந்த ரத்தச் சீட்டிலும் தெரியாது. 2009-ல், ஈஸ்னோபில் கூடியிருந்து அடிக்கடி படுக்கையில் விழும் கடும் ஆஸ்துமாக்காரர்களை மட்டும் பொறுக்கி மெபோலிசுமாப் என்ற அதே மருந்தைக் கொடுத்தபோது அவர்களின் தாக்குதல்கள் குறைந்தன. ஈஸ்னோபில் முக்கியம்தான், யாருக்கு, எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தே முக்கியம்.

பல வருடம் வெளிநாட்டில் தும்மல்கூட இல்லாமல் இருந்தவருக்கு ஊர் வீட்டு வாசலில் கால் வைத்த அன்றே இழுப்பு வருவது டி செல்களால்தான். தூசிப்பூச்சியை அடையாளம் கண்ட டி செல்களில் ஒரு பகுதி நுரையீரலிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது என்பதை எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தூசி நின்ற பிறகும் அவை போவதில்லை. மறுபடி அதே தூசி வந்தால் நிணநீர் முடிச்சுக்குச் செய்தி போகவே தேவையில்லாமல் அந்த இடத்திலேயே எழுந்துகொள்கின்றன. நல்ல பக்கமும் ஒன்று உண்டு. நுரையீரலின் காற்றறைகளில் இருக்கும் மேக்ரோபேஜ்கள் நாள் முழுவதும் தூசியை விழுங்கி, சத்தம் போடாமல் அழற்சியை அடக்கி வைக்கின்றன. பீடி, சிகரெட், சீமைக்கருவேல மூட்டப்புகை, விறகடுப்பு ஆகியவை அவற்றின் வேலையைக் கெடுக்கின்றன. புகைபிடிக்கும் ஆஸ்துமாக்காரருக்கு நியூட்ரோபில் என்ற வேறு அணு சேர்ந்துகொள்ளும், அது ஸ்டீராய்டுக்குச் சரியாக அடங்காது. புகையை விடாமல் மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

மருந்துக்கு வருகிறோம். நீல இன்ஹேலரில் உள்ள சால்புட்டமால், ஒரு பஃபுக்கு 100 மைக்ரோகிராம், ஐந்து நிமிடத்தில் தசையைத் தளர்த்தும், நான்கிலிருந்து ஆறு மணி நேரம் நிற்கும். மேலே சொன்ன ஈஸ்னோபிலையோ டி செல்லையோ அது தொடுவதில்லை. 200 பஃப் உள்ள டப்பா வருடத்துக்கு மூன்று தீர்ந்தாலே கடும் தாக்குதலுக்கான ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. 2019-ல் உலக ஆஸ்துமா வழிகாட்டு நெறிகள், வளர்ந்தவர்களுக்கு ஸ்டீராய்டு சேராமல் சால்புட்டமாலை மட்டும் கொடுக்கக் கூடாது என்று மாற்றி எழுதப்பட்டன. இரவு மாத்திரையான மான்டெலுகாஸ்ட்-லெவோசெட்ரிசின், மாஸ்ட் செல் கொட்டும் பல பொருள்களில் இரண்டை மட்டும் மறிக்கிறது. மூக்குக்குச் சுகம் தரும், மூச்சுக்குழாய்க்குத் தனியாகப் போதாது.

அழற்சி அணுக்களை அடக்குவது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. புடசோனைடு போன்றவை. ஈஸ்னோபில்லின் ஆயுளைக் குறைக்கிறது, டி செல்லின் செய்திகளை மறிக்கிறது, வாரக்கணக்கில் மாஸ்ட் செல் கூட்டத்தையும் குறைக்கிறது. அடித்த அன்றே எதுவும் தெரியாது. ஒரு வாரத்தில் இருமல் குறையும், முழுப் பயனுக்கு மாதங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். "பஃப் அடிச்சும் ஒண்ணும் தெரியலை" என்று மூன்றாம் நாள் நிறுத்துகிறார்கள். இல்லையென்றால் நன்றாக ஆனதும் நிறுத்துகிறார்கள். நிறுத்திய சில வாரங்களில் ஈஸ்னோபில் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. இழுப்பு முற்றி ஐந்து நாள் பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம் சாப்பிட்டால் மொத்தம் 200 மில்லிகிராம். இன்ஹேலரில் நாளுக்கு 400 மைக்ரோகிராம் புடசோனைடு என்றால் அந்த 200 மில்லிகிராமை எட்ட 500 நாள் ஆகும். புடசோனைடு எடைக்கு எடை வீரியம் கூடியது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் உடம்புக்குள் போவது மிகக் கொஞ்சம். பஃபுக்கு அடிமையாகிவிடுவோம் என்பதும் பொய்.

போகிற மருந்து போய்ச் சேர வேண்டும். ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் குழல்) இல்லாமல் வாயில் நேராக அடித்தால் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டிவிடும். மூடியைக் கழற்றி, நாலைந்து தடவை குலுக்கி, ஸ்பேசரில் பொருத்துங்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயால் கவ்வி, ஒரே ஒரு பஃப் அமுக்கி, மூன்று முதல் ஐந்து விநாடி மெதுவாக இழுங்கள். பத்து விநாடி அடக்குங்கள். அரை நிமிடம் பொறுத்து அடுத்தது. இரண்டு பஃபைச் சேர்த்து அடித்தால் துகள்கள் மோதி ஸ்பேசர் சுவரிலேயே படிந்துவிடும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். விட்டால் நாக்கில் வெள்ளை படரும், குரல் கம்மும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்தைச் சுவர் இழுத்துக்கொள்ளும். கேப்சூல் போட்டு இழுக்கும் ரோட்டாஹேலருக்கு முறை நேர் எதிர்: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும், கருவிக்குள் ஊதக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கேப்சூல் பொடி கட்டிப் போகும், டப்பாவை இறுக மூடி வையுங்கள். அந்தக் கேப்சூலை விழுங்குகிறவர்களும் உண்டு; விழுங்கினால் நுரையீரலுக்கு மருந்து போகாது.

வீடு திறப்புக்கு வருவோம். இளைப்பு உள்ளவர் முதல் நாள் போகவே கூடாது. வேறு ஆள் போய் எல்லாக் கதவு சன்னல்களையும் திறந்துவிட்டு, பரண், பெட்டகம், மெத்தை வேலைகளை இரண்டு நாள் முன்னதாக முடிக்கட்டும். துடைப்பத்துக்குப் பதில் ஈரத் துணி. ஆத்தங்குடிக் கல் தரையும் முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவரும் நமக்குக் கிடைத்த வரம். வழுவழுப்பில் தூசி தங்காது, நம் பெண்கள் செய்வதுபோல் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் பறக்கவும் செய்யாது. பினாயிலும் ஆசிடும் வேண்டாம். தூசிப்பூச்சித் துகள் கனமானது, கிளப்பிய அரை மணியில் பெரும்பாலும் கீழே படிந்துவிடும். ஆகையால் மெத்தை தட்டிய அறைக்கு ஒரு மணி நேரம் கழித்துப் போகலாம். படுக்கை விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சி சாகும், பச்சைத் தண்ணீரில் சாகாது. பழைய இலவம்பஞ்சுத் தலையணையை நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். மாடத்தில் புறா எச்சம் இருந்தால் தண்ணீர் தெளித்து, என்95 முகக்கவசத்தோடு அள்ளுங்கள். புறா எச்சத்தால் வருவது வேறொரு நுரையீரல் அழற்சி. ஐஜிஇ சம்பந்தப்படாது, சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலோடு மூச்சு வாங்கும், நீல இன்ஹேலருக்குக் கேட்காது.

ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் போனால், நாடி 120-ஐத் தாண்டினால், ஆக்சிஜன் 90-க்குக் கீழே போனால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். ஸ்பேசர் வழியாக 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 4 முதல் 10 பஃப் சால்புட்டமால் கொடுத்துக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள். விசில் சத்தம் திடீரென்று நின்று ஆள் சோர்ந்தால் அது குணமல்ல, காற்றே போகவில்லை என்று பொருள்.

இளைப்புள்ள ஒவ்வொருவரும் மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை ஸ்பைரோமெட்ரி. ஊதிப் பார்த்து, 400 மைக்ரோகிராம் சால்புட்டமால் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் அது ஆஸ்துமா பக்கம் வலுவாகக் கை காட்டுகிறது. இழுப்பில்லாத நாளில் ஊதினால் இயல்பாகவே வரலாம், அப்போது இன்னொரு நாள் ஊத வேண்டும். ஈஸ்னோபில் உண்மையிலேயே கூடியிருந்தால் புழுவையும் தேடுங்கள். குறிப்பாக, ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு உள்ளவருக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ கொடுத்தால் அது உடம்பெங்கும் பெருகி உயிருக்கே உலையாகும்.

நம் வட்டாரத்து ஆய்வகங்களுக்கு எங்கள் வேண்டுகோள் சிறியதுதான். சீட்டில் சதவீதத்தோடு ஈஸ்னோபில்லின் நேர் எண்ணிக்கையையும் அச்சிடுங்கள். ரத்தம் எடுத்த மணியைப் போடுங்கள். கடந்த ஒரு வாரத்தில் ஸ்டீராய்டு ஊசி, மாத்திரை உண்டா என்று கேட்டு அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். தை மாதத்துக்கு ஊர் வரப்போகிறவர்கள், மருத்துவர் எழுதிக் கொடுத்த தடுப்பு இன்ஹேலரை (உள்ளிழுக்கும் ஸ்டீராய்டை) இடையில் விட்டிருந்தால், டிக்கெட் போடுகிற அன்றே அவரிடம் பேசி, வீடு திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பாகவாவது மறுபடி தொடங்குங்கள்.

இப்படிக்கு,
சுவாச நோய்ப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள், ரத்தப் பரிசோதனைக்கூடப் பணியாளர்கள் சிலர்
காரைக்குடி